பேதி மருந்திலிருந்து எண்ணெய்த் தாரை வரை: பஞ்சகர்ம சிகிச்சை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஆயுர்வேதம் என்றதும் இன்று உலகின் பல பாகங்களிலும் உள்ளோரின் மனக்கண்முன் தோன்றும் காட்சி ஒன்றுண்டு. மரக்கட்டிலொன்றிற் கண்மூடிப் படுத்திருக்கும் ஒருவரின் நெற்றிமீது, மேலே தொங்கும் கலயத்திலிருந்து இளஞ்சூடான எண்ணெய் மெல்லிய தாரையாக இடையறாது ஒழுகிக்கொண்டிருக்கும் காட்சியே அது. உல்லாசப் பயணத்துறையினரின் கையேடுகளிலும் விளம்பரங்களிலும் இப்படம் தவறாது இடம்பெறுகின்றது. அதன்கீழ்ப் பெரும்பாலும் பஞ்சகர்மம் என்ற சொல்லும், மனவழுத்தம் நீங்கும், இளமை மீளும், உடலிலுள்ள நச்சுக்கள் வெளியேறும் என்னும் மூன்று வாக்குறுதிகளும், இச்சிகிச்சை ஐயாயிரம் ஆண்டுப் பழைமை வாய்ந்தது என்ற கூற்றும் காணப்படும். இவற்றுள் எது பழையது, எது புதியது என்பதை மூலநூல்களின் துணைகொண்டு பிரித்தறிய முயல்வோர் வியப்புக்குரிய முடிவுகளைக் காண்பர். படத்திலுள்ள எண்ணெய்த் தாரை பஞ்சகர்மங்கள் ஐந்தினுள் ஒன்றன்று என்பது அவற்றுள் முதலாவது.

பஞ்சகர்மம் என்பது ஐந்து செயல்கள் எனப் பொருள்படும். சரகசங்கிதை மரபின்படி அவை வமனம், விரேசனம், நிரூகவஸ்தி, அனுவாசனவஸ்தி, நசியம் என்பன. பேச்சுவழக்கிற் கூறுவதாயின், வாந்தியெடுக்கச் செய்தல், பேதியாக்குதல், கசாயத்தைக் குதவழியே ஏற்றுதல், எண்ணெயை அவ்வாறே ஏற்றுதல், மூக்கில் மருந்துவிட்டுத் தலையிலுள்ள கபத்தை இறக்குதல் ஆகியனவே இவ்வைந்தும். ஏறத்தாழ கி. பி. ஏழாம் நூற்றாண்டளவில் வாழ்ந்த வாக்படர் தமது அட்டாங்கஹிருதயத்தில் வஸ்தி இரண்டனையும் தனித்தனியே எண்ணாது, சுத்திமுறைகள் ஐந்தினுட் குருதி வாங்குதலையும் ஒன்றாகச் சேர்த்தார். எப்பட்டியலை எடுத்துக்கொண்டாலும் அதில் இன்பந்தரும் செயலொன்றைக் காண்பதரிது. உடலிற் பெருகிக் கெட்டுப்போன வாத, பித்த, கபங்களை அவற்றுக்கு அண்மையிலுள்ள துவாரத்தின் வழியே வெளியேற்றுதலே அவற்றின் நோக்கமாயிற்று. கபம் மேல்வழியாகவும், பித்தம் கீழ்வழியாகவும், வாதம் வஸ்தியினாலும் நீக்கப்பட்டன. எண்ணெய் பூசுதலும் வேது பிடித்தலும் இவற்றுக்கு முன்னோடியான ஆயத்தங்கள் மாத்திரமே. அவ்வாயத்தத்திலுங்கூட முதன்மை பெற்றது உடலில் எண்ணெய் தேய்த்தலன்று. மூன்று முதல் ஏழு நாட்கள்வரை நெய்யைக் குடித்தலே ஆகும்.

சரகசங்கிதை இன்றுள்ள வடிவில் ஒருவரால் ஒரே காலத்தில் இயற்றப்பட்டதன்று. அக்கினிவேசர் இயற்றியதைச் சரகர் திருத்தினார் என்றும், பின்னாளிற் கிடைக்காதுபோன பகுதிகளைத் திரிடபலர் என்பவர் நிறைவுசெய்தார் என்றும் நூலே கூறுகின்றது. சிகிச்சைப் பகுதியில் 17 அத்தியாயங்களும், கற்பத்தானம், சித்தித்தானம் எனும் இறுதி இரு பகுதிகளின் 24 அத்தியாயங்களும் இவரால் நிறைவுசெய்யப்பட்டவை. வாந்தி, பேதி, வஸ்தி ஆகியவற்றை விரித்துரைப்பவை இவ்விறுதி இரு பகுதிகளே என்பது ஈண்டு நோக்கற்பாலது. கற்பத்தானத்தில் வாந்திக்கு 355, பேதிக்கு 245 என மொத்தம் 600 மருந்து யோகங்கள் தரப்பட்டுள்ளன. மருக்காரைக் காயொன்றையே முதன்மைப் பொருளாகக் கொண்ட யோகங்கள் மட்டும் 133. ஒரு காயைப் பாலிலும், தயிரிலும், கசாயத்திலும், நெய்யிலும், அப்பத்திலும், முகரும் மலரிலுங்கூட எவ்வாறு சேர்க்கலாம் என இத்துணை நுணுக்கமாகச் சிந்தித்தவர்கள் இச்சிகிச்சையை மருத்துவத்தின் ஓர் ஓரத்தில் அன்றி அதன் நடுவிலேயே வைத்திருந்தனர் என்பது தெளிவு.

சிகிச்சை நடைபெற்ற விதத்தைச் சூத்திரத்தானத்தின் பதினைந்தாம் அத்தியாயம் கண்முன் நிறுத்துகின்றது. அரசனுக்கோ பெருஞ்செல்வனுக்கோ வாந்தி மருந்து கொடுக்கவிருக்கும் மருத்துவன் முதலில் ஒரு வீட்டை அமைத்தல் வேண்டும். அவ்வீடு உறுதியானதாகவும், பெருங்காற்றுப் புகாததாகவும், புகை, வெயில், தூசி, கேட்கத்தகாத ஒலி ஆகியவை அணுகாததாகவும், சமையலறை, குளிப்பிடம், மலகூடம் என்பவற்றைக் கொண்டதாகவும் இருத்தல் வேண்டும். பணியாளர் பட்டியல் நீண்டது. சோறும் சாறும் சமைப்போர், குளிப்பாட்டுவோர், கைகால் பிடித்துவிடுவோர், நோயாளியைத் தூக்கிக் கிடத்துவோர், மருந்து அரைப்போர் ஆகியோரோடு பாடகரும், வாத்தியகாரரும், கதை சொல்வோரும், இதிகாச புராணம் அறிந்தோரும் வேண்டும். காடை, கவுதாரி, முயல், மான் ஆகியவற்றையும், கன்று உயிரோடுள்ள நோயற்ற சாதுவான கறவைப்பசுவையும், அப்பசுவுக்கு நல்ல கொட்டிலையும் புல்லையும் நீரையும் ஆயத்தஞ் செய்யுமாறு நூல் பணிக்கின்றது. பண்டைய இந்தியாவின் வைத்தியசாலை அமைப்புப் பற்றி ஆராய்வோர் மேற்கோள் காட்டும் பகுதிகளுள் இது முக்கியமானது. அவ்வைத்தியசாலை ஒரு மனிதனை வாந்தியெடுக்கச் செய்வதற்காக அமைக்கப்பட்டது என்பதைப் பலர் குறிப்பிடாது விடுவர்.

நெய்யூட்டி வேது பிடித்த பின்னர், முதனாளிரவு மீனும் இறைச்சியும் பாலும் உண்பித்துக் கபத்தைக் கிளர்ந்தெழச் செய்வர். மறுநாட் காலை மருந்து கொடுத்ததும் மருத்துவன் நோயாளியை விட்டு அகலுவதில்லை. வியர்வை அரும்பினால் தோஷம் உருகுகின்றது. மயிர்க்கூச்செறிந்தால் அது இடம் பெயர்கின்றது. வயிறு உப்பினால் இரைப்பையை அடைந்துவிட்டது. குமட்டலும் வாயூறலும் ஏற்பட்டால் மேனோக்கி வருகின்றது என அவன் அறிகுறிகளைப் படிக்கின்றான். முழங்கால் உயரமான இருக்கையில் நோயாளியை இருத்தி, ஒருவர் நெற்றியையும் மற்றொருவர் விலாப்புறத்தையும் தாங்க, இன்னொருவர் முதுகைத் தடவிவிடுவர். வாந்தியின் வேகங்கள் எண்ணப்பட்டன. நான்கு குறைந்த சுத்தி, ஆறு நடுத்தரம், எட்டு உத்தமம். பேதிக்கு இவ்வெண்ணிக்கை முறையே பத்து, இருபது, முப்பது. வாந்தி பித்தம் தென்படும்வரையும், பேதி கபம் தென்படும்வரையும் தொடர்தல் வேண்டும். அதன்பின் வெறுங்கஞ்சியில் தொடங்கிக் கட்டிக்கஞ்சி, பயற்றஞ்சாறு, இறைச்சிச்சாறு எனப் படிப்படியாகப் பல நாட்களில் வழக்கமான உணவுக்கு மீளவேண்டும். அந்நாட்களில் உரத்துப் பேசுதல், நெடுநேரம் இருத்தல், வெகுதூரம் நடத்தல், கோபம், துக்கம், பகலுறக்கம், இரவு விழித்திருத்தல் யாவும் விலக்கு. பத்தியம் என யாழ்ப்பாணத்து முதியோர் இன்றும் கூறுவதன் முழுப்பொருளையும் இப்பட்டியலிற் காணலாம்.

இச்சிகிச்சையின் ஆபத்தை அந்நூலாசிரியர்கள் மறைக்கவில்லை. மருந்து கூடினாலோ குறைந்தாலோ தோன்றும் பத்து விபரீதங்களைச் சித்தித்தானம் எடுத்துரைக்கின்றது. வயிற்றுப்பொருமல், குதத்தில் அறுப்பதுபோன்ற வலி, நெஞ்சடைப்பு, உடல் விறைப்பு என நீளும் அப்பட்டியலில் ஜீவாதானம் என்பது மிகக் கொடியது. பேதியோடு உயிர்க்குருதியே வெளியேறும் நிலை அது. வெளிப்படுவது உயிர்க்குருதியா, பித்தத்தாற் கெட்ட குருதியா என்பதை அறியும் பரீட்சையும் கூறப்பட்டுள்ளது. அக்குருதியைச் சோற்றிற் கலந்து காகத்துக்கோ நாய்க்கோ வைத்தல் வேண்டும். அது உண்டால் நோயாளியின் உயிர்க்குருதி வடிகின்றது எனக் கொண்டு உடனடியாகச் செயற்படவேண்டும். எண்ணெய்த் தாரையின்கீழ்க் கண்மூடிக் கிடப்பவரின் அமைதிக்கும், முற்றத்திற் காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுக் காத்துநிற்கும் மருத்துவனின் பதைப்புக்கும் இடையிலுள்ள தூரமே இச்சிகிச்சையின் வரலாறு எனலாம்.

மனத்தைப் பொறுத்தவரையிற் பழைய நூல்கள் மௌனஞ் சாதிக்கவில்லை. உன்மாதம் எனப்படும் சித்தப்பிரமைக்கு நெய்யூட்டல், வேது, வாந்தி, பேதி, வஸ்தி, நசியம் ஆகியவற்றைச் சரகசங்கிதை விதிக்கின்றது. இருதயமும் இந்திரியங்களும் தலையும் குடலும் சுத்தமானால் மனம் தெளியும் என்பதே அதற்குரிய நியாயம். எனவே உடற்சுத்திக்கும் உளத்தெளிவுக்கும் தொடர்புண்டு என்ற எண்ணம் பழையதே. ஆயின் அவ்வத்தியாயம் அதே நோயாளியை அச்சுறுத்தவும், அடிக்கவும், பல் பிடுங்கிய பாம்பைக் காட்டி வெருட்டவும் இடமளிக்கின்றது. அது நோயுற்ற மனத்துக்குரிய சிகிச்சை. அலுவலகத்தில் வேலைசெய்து களைத்தவருக்கு உரியதன்று. கோபம், பேராசை, அச்சம், துக்கம், பொறாமை முதலியவை அறிவால் அடக்கப்பட வேண்டிய வேகங்களாகவே கருதப்பட்டன. அவற்றுக்கு வாந்தி மருந்து கூறப்படவில்லை.

இளமை மீட்டல் என்பதும் தனியொரு துறை. அதற்குரிய பெயர் இரசாயனம். இன்று விஞ்ஞானபீடத்தார் ஆய்வுகூடத்திற் கற்கும் பாடத்துக்கு வழங்கும் அச்சொல் ஒருகாலத்தில் நரை திரை நீக்கும் மருந்தைக் குறித்தது. முதியவரான சியவன முனிவர் இளமை பெற்ற கதையும், அவர் பெயரால் வழங்கும் நெல்லிக்காய் இலேகியமும் அத்துறையைச் சார்ந்தவை. மூன்று சுற்று அறைகளையும் தடித்த சுவர்களையும் சிறு சாளரங்களையும் கொண்ட குடிலினுட் புகுந்து, புறவுலகத் தொடர்பற்று இருந்து மருந்துண்பது அதன் உயர்ந்த முறை. அக்குடிலுட் புகுமுன் உடற்சுத்தி கட்டாயமானது. அழுக்குத் துணியிற் சாயம் பிடிக்காததுபோலச் சுத்தியற்ற உடலில் இரசாயனம் பிடிக்காது என்பது சுசுருதர் மரபின் விளக்கம். ஆகவே சுத்தி வேறு, புத்துயிர்ப்பு வேறு. முன்னது பின்னதற்கு வாயில். இவ்விரண்டும் ஒன்றெனப்பட்டது பிற்கால நிகழ்வாகும்.

பண்டைக்காலச் சிகிச்சை முழுவதும் கடுமையாகவே இருந்தது என்று கூறிவிடவும் இயலாது. கடுமையைத் தணிக்கவேண்டும் என்ற ஆவல் மிகப் பழைய காலத்திலேயே தோன்றிவிட்டது என்பதற்குப் பாளி விநயபிடகத்தின் மகாவக்கத்தில் வரும் ஜீவகனின் கதை சான்றாகும். புத்தருக்குப் பேதி மருந்து தேவைப்பட்டபோது, முதலிற் சில நாட்கள் அவருடலுக்கு எண்ணெய்ப்பதம் ஊட்டுமாறு ஜீவகன் ஆனந்தரிடம் கூறுகின்றான். பின்னர், அத்தகையவருக்கு முரட்டு மருந்து கொடுத்தல் தகாது எனக் கருதி, மருந்தூட்டிய தாமரைமலர்களை மூன்று பிடியாக அளித்து முகரச் செய்கின்றான். பிடியொன்றுக்குப் பத்து வேகம். இருபத்தொன்பது கழிந்தபின் வெந்நீரில் நீராட, முப்பதாவது நிகழ்கின்றது. சரகசங்கிதை உத்தம சுத்திக்குக் கூறும் அதே எண் இங்கும் வருதல் கவனத்துக்குரியது. மருத்துவர்களும் பிக்குகளும் ஒரே மரபை அறிந்திருந்தனர் என்பதற்கு இதனினும் எளிய சான்று தேவையில்லை.

அதே ஜீவகன் சாகேத நகரத்து வணிகனொருவனின் மனைவிக்கு மூக்குவழியே மருந்துநெய் விட்டு ஏழாண்டுத் தலைநோயைத் தீர்க்கின்றான். வாய்வழியே வந்த நெய்யை அவள் துப்பி, அதைப் பஞ்சில் ஒற்றியெடுக்குமாறு பணிப்பெண்ணிடம் கூறுகின்றாள். இத்துணை உலோபியிடமிருந்து தனக்குக் கூலி கிடைக்குமா என மருத்துவன் கலங்குகின்றான். அந்நெய் வேலையாட்களின் காலிற் பூசவும் விளக்கெரிக்கவும் உதவும் என்கிறாள் அவள். இறுதியிற் குடும்பத்தினர் நால்வரும் கொடுத்தது 16,000 காசு. மருத்துவ வரலாற்றில் நோயாளியின் சிக்கனமும் மருத்துவனின் கவலையும் இத்துணை இயல்பாகப் பதிவான இடங்கள் மிகச் சிலவே.

இப்பாளி மரபு இலங்கையை அடைந்து இங்கு வேரூன்றியது. நான்காம் நூற்றாண்டில் அநுராதபுரத்தை ஆண்ட புத்ததாசன் மருத்துவனாகவும் விளங்கினான் என்றும், பத்துக் கிராமங்களுக்கு ஒரு மருத்துவரை நியமித்தான் என்றும் சூளவம்சம் கூறுகின்றது. புழு கலந்த பாலுணவை உண்டு வருந்திய பிக்கு ஒருவருக்கு அவன் குதிரையின் குருதியை அருந்தக் கொடுத்துப் பின் அது இன்னதென அறிவிக்க, அருவருப்பால் அவர் வாந்தியெடுத்துப் புழுக்களினின்றும் நீங்கினார் என்பது அந்நூல் தரும் கதைகளுள் ஒன்று. கதையின் உண்மை எவ்வாறாயினும், நோயை வெளியே தள்ளுதலே மருத்துவம் என்ற எண்ணம் பொதுமக்களிடமும் நிலவியமைக்கு அது சான்று பகர்கின்றது.

மிகிந்தலையிலும், பொலனறுவை ஆளாகன பிரிவேனாவிலும், மெதிரிகிரியவிலும் உள்ள பழைய வைத்தியசாலை இடிபாடுகளில் ஒற்றைக் கல்லில், மனிதவுடல் கிடக்கும் வடிவிற் குடையப்பட்ட மருந்துத் தொட்டிகள் காணப்படுகின்றன. சிங்களத்தில் இவை மருந்துத் தோணி எனப் பொருள்படும் பெயரால் வழங்குகின்றன. மிகிந்தலை வைத்தியசாலை இரண்டாம் சேனனின் (853-887) காலத்ததாகக் கருதப்படுகின்றது. நோயாளியை மருந்தெண்ணெயிலோ கசாயத்திலோ அமிழ்த்துவதற்கு இவை பயன்பட்டன என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. சரகசங்கிதை கூறும் பதின்மூன்று வகை வேதுகளுள் அமிழ்த்துதலும் ஒன்று. மருந்தைக் குடித்தோரும் வாந்தியெடுத்தோரும் தொல்பொருட் சான்று எதனையும் விட்டுச் செல்வதில்லை. கல்லிற் குடைந்த தொட்டியோ ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் நிற்கின்றது. பூர்வாங்கமான ஒரு செயல் முழுச்சிகிச்சையின் சின்னமாக மாறியதற்கு இத்தற்செயலும் ஒரு சிறு காரணம் ஆகலாம்.

தமிழர் மரபிற் சுத்தி வேறொரு பாதையிற் சென்றது. தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதிகள் ஆறு திங்களுக்கொருமுறை வாந்தி மருந்தையும், நான்கு திங்களுக்கொருமுறை பேதி மருந்தையும், ஒன்றரைத் திங்களுக்கொருமுறை நசியத்தையும், நான்கு நாளுக்கொருமுறை எண்ணெய் முழுக்கையும் விதிக்கின்றன. இங்கு நோயாளி இல்லை. நோய் வராது தடுக்க முயலும் குடும்பத்தவரே உளர். அரசனின் மாளிகையில் இருந்த சிகிச்சை அடுப்படிக்கு வந்துவிட்டது. பாடகரும் கறவைப்பசுவும் போய், ஆமணக்கெண்ணெயும் கஞ்சியும் எஞ்சின. யாழ்ப்பாண மன்னர் காலத்தனவெனக் கொள்ளப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் மருத்துவ நூல்கள் வடமொழி மரபையும் தமிழ் மரபையும் ஒருங்கிணைத்தவை. ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளையின் முயற்சியால் அவை கடந்த நூற்றாண்டில் அச்சேறின. பரியாரிமார் கையாண்ட ஏட்டு மருந்துகளும், பாடசாலை விடுமுறையிற் பிள்ளைகளுக்குப் பேதி கொடுக்கும் வழக்கமும், அரப்பும் தேசிக்காயும் அவித்துத் தலைமுழுகும் சனிக்கிழமைகளும் இம்மரபின் தொடர்ச்சியே. அவற்றைப் பஞ்சகர்மம் என எவரும் அழைத்ததில்லை.

இதற்கிடையிற் செந்நெறி மருத்துவத்திலும் கடுஞ்சுத்தி தளரத் தொடங்கியிருந்தது. இரச மருந்துகள் பரவியமை இதற்கு ஒரு காரணம். சிறு அளவு, அருசியின்மை, விரைந்த பலன் ஆகியவற்றை இரசநூல்கள் தம் மருந்துகளின் சிறப்பாகப் பேசின. ஒரு குளிசையை விழுங்கக்கூடியவர் ஏழு நாட்கள் நெய் குடிக்க விரும்புவாரா? ஏறத்தாழ 1300 அளவில் எழுந்த சார்ங்கதரசங்கிதையில் ஐந்து செயல்களும் அவற்றுக்குரிய அத்தியாயங்களோடு உள்ளன எனினும், நாடி பார்த்தலும் உலோக மருந்தும் அந்நூலிற் பெறும் இடமே பிற்காலத்தின் போக்கைக் காட்டுகின்றது.

குடியேற்றவாதக் காலத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் அவசியம். மென்மையான ஐரோப்பிய மருத்துவம் வந்து முரட்டுச் சுதேச மருத்துவத்தை வென்றது என்பது உண்மையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பிய மருத்துவர்கள் கலோமல் எனும் இரச உப்பால் நோயாளிகளைப் பேதியாக்கினர். கத்தியாலும் அட்டையாலும் குருதி வாங்கினர். பிரான்சு 1833 ஆம் ஆண்டில் மட்டும் நான்கு கோடிக்கு மேற்பட்ட அட்டைகளை இறக்குமதி செய்தது. இருவகை மருத்துவமும் சுத்தி என்னும் ஒரே மொழியைப் பேசின. அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஐரோப்பிய மருத்துவம் அம்மொழியைக் கைவிட்டது. அதன் பின்னரே, வாந்தியும் பேதியும் நாகரிகமற்ற மருத்துவத்தின் அடையாளங்களாயின. சுதேச மருத்துவத்துக்குப் புத்துயிரளிக்க முனைந்த சீர்திருத்தவாதிகளுக்கு அவை ஓரளவு சங்கடமாகவும் இருந்திருக்கும் என ஊகிக்கலாம்.

அச்சங்கடத்தைத் தவிர்க்கும் வழி கேரளத்திலிருந்து கிடைத்தது. அங்கு பிழிச்சில், ஞவரக்கிழி, தாரை முதலிய புறச்சிகிச்சைகள் அரசர்களினதும் நிலவுடைமையாளர்களினதும் ஆதரவில் வளர்ந்திருந்தன. சூடான எண்ணெயைத் துணியாற் பிழிந்து ஊற்றுதலும், குறுந்தோட்டிக் கசாயத்திலும் பாலிலும் வேகவைத்த ஞவர அரிசியைக் கிழியாகக் கட்டி ஒற்றுதலும் வாதநோய்களுக்குரியன. பி. எஸ். வாரியர் 1902 இற் கோட்டக்கலில் ஆரிய வைத்தியசாலையை நிறுவி, கசாயங்களையும் தைலங்களையும் ஆயத்த நிலையில் விற்பனைக்குக் கொணர்ந்தபோது, இம்முறைகள் மாளிகைகளின் எல்லையைக் கடந்தன. இலங்கையில் 1929 இற் கொழும்பிற் சுதேச வைத்தியக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம், ஆயுர்வேதம் என்ற சொல்லுள் சித்தம், யூனானி, தேசிய சிகிச்சை ஆகியவற்றையும் அடக்கி வரைவிலக்கணஞ் செய்தது. நிர்வாக வசதிக்காகச் செய்யப்பட்ட இவ்வொருமைப்பாடு, வெவ்வேறு மரபுகளின் சுத்திமுறைகளை ஒரே பெயரின்கீழ்க் கொணர்வதற்கும் வழிவகுத்தது.

விளம்பரத்தின் மூன்று வாக்குறுதிகளுள் நச்சு பற்றியதன் பிறப்பிடம் ஐரோப்பாவே. குடலில் அழுகும் உணவு உடல் முழுவதையும் நஞ்சூட்டுகின்றது என்னும் கோட்பாடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கும் அமெரிக்காவிலும் பரவியிருந்தது. இலண்டனில் ஆர்பத்னொட் லேன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இதன்பொருட்டு நோயாளிகளின் பெருங்குடலையே வெட்டியகற்றினார். 1919 இல் வால்டர் அல்வாரெஸ் எழுதிய ஆய்வுக்கட்டுரையோடு இக்கோட்பாடு மருத்துவ உலகிற் செல்வாக்கிழக்கத் தொடங்கியது, பொதுமக்களிடையே அழியவில்லை. செரியாத அன்னரசத்தைக் குறிக்கும் ஆமம் என்ற சொல்லுக்கு நச்சு என்ற மொழிபெயர்ப்பு வழங்கத் தொடங்கியபோது, மேலைநாட்டார் தம் பாட்டனாரின் எண்ணத்தையே கீழைத்தேய ஞானமாகத் திரும்பப் பெற்றனர். வாத, பித்த, கபங்களோ நச்சுக்கள் அல்ல. அளவோடிருக்கையில் அவையே உடலைத் தாங்குவன.

மனவழுத்தம் என்ற எண்ணக்கரு அதனினும் இளையது. ஹான்ஸ் செலியே 1936 இல் வெளியிட்ட சிறு ஆய்வுக் குறிப்பு ஒன்று, பல்வேறு தாக்கங்களுக்கு விலங்குடல் காட்டும் பொதுவான எதிர்விளைவை விபரித்தது. அவ்வெதிர்விளைவை உள்ளடக்கிய மனவழுத்தக் கோட்பாடு இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர், சிறப்பாக 1956 இல் அவர் வெளியிட்ட நூலின்மூலம், பொதுவழக்காயிற்று. நோயுமன்று, நலமுமன்று என்ற நிலையிலுள்ள செல்வந்த நாடுகளின் நடுத்தர வர்க்கத்தினருக்கு இச்சொல் தம் களைப்பைப் பெயரிட்டழைக்க உதவியது. அக்களைப்புக்குச் சிகிச்சை தேடியோர் ஓய்வையும் தொடுகையையும் நாடினரேயன்றி வாந்தியை நாடவில்லை. இலங்கையில் 1977 இன் திறந்த பொருளாதாரக் கொள்கையைத் தொடர்ந்து உல்லாசப் பயணத்துறை விரிவடைந்தது. 1980களிலிருந்து பேருவளை, அளுத்கம முதலிய தென்மேற்குக் கரையோரப் பகுதிகளில், ஜேர்மன் மொழி பேசும் விருந்தினரைப் பெரிதும் எதிர்நோக்கிய ஆயுர்வேத விடுதிகள் தோன்றின. கேரளமும் 1990களில் இவ்வழியிற் பெருமுயற்சியோடு இறங்கியது. எண்ணெய் பூசல், வேது, தாரை எனும் ஆயத்தச் செயல்களும் புறச்சிகிச்சைகளும் இவ்வாறு பஞ்சகர்மம் என்னும் பெயரைத் தமதாக்கிக்கொண்டன.

கேரளத்திற் களஆய்வு நடாத்திய பிரெஞ்சு அறிஞர் பிரான்சிஸ் ஸிமர்மான் 1992 இல் வெளிவந்த கட்டுரையொன்றில், ஆயுர்வேதத்தின் வன்முறைக் கூறுகள் நவீன காலத்தில் விலக்கப்பட்டு மென்மை அதன் இயல்பாகக் காட்டப்படுகின்றது எனச் சுட்டிக்காட்டினார். அவர் கூற்று பெருமளவு ஏற்புடையதே. எனினும் மென்மையை முற்றிலும் நவீனத்தின் கண்டுபிடிப்பு எனக் கொண்டால் ஜீவகனின் தாமரைமலர்களை எங்கு வைப்பது? மாறியது மென்மைக்கான ஆவலன்று. ஜீவகனின் மென்மை முப்பது வேகங்களைத் தவறாது நிகழ்த்தியது. சரகசங்கிதையின் பாடகர் நோயாளியின் துன்பத்தைத் தாங்கவைக்கவே பாடினர். இன்றோ பாடகர் மட்டும் எஞ்சியுள்ளனர். தாரையின் வரலாறும் இத்தகையதே. தலைக்கு எண்ணெய் பயன்படுத்தும் நான்கு முறைகளை அட்டாங்கஹிருதயம் கூறுகின்றது. அவற்றுள் ஊற்றுதல் தலைப்புண், தலைக்குத்து, எரிவு ஆகியவற்றுக்கு உரியது. உறக்கமின்மைக்கு விதிக்கப்பட்டது அதுவன்று. தலையைச் சுற்றித் தோற்பட்டை கட்டி எண்ணெயைத் தேக்கிவைக்கும் சிரோவஸ்தியே.

எண்ணெய் தேய்ப்பதால் உடற்களைப்பு நீங்குவதும் உறக்கம் வருவதும் அனுபவத்திற் கண்டவை. அவற்றை மறுக்கவேண்டிய தேவை வரலாற்றாசிரியனுக்கு இல்லை. ஆயின் பெயர் மாறிப்போவதால் வரும் இழப்பு அற்பமானதன்று. பஞ்சகர்மத்தைக் கற்ற மருத்துவன் எவருக்கு அதைச் செய்யலாகாது என்பதையே முதலிற் கற்றான். கர்ப்பிணிகள், முதியோர், குழந்தைகள், இருதய நோயுற்றோர், உடல் மெலிந்தோர் என வாந்திக்குத் தகாதோரின் பட்டியல் நீண்டது. எவருக்கும் தீங்கற்றது என விற்கப்படும் ஒன்றுக்கு அத்தகைய பட்டியல் வேண்டியதில்லை. பட்டியல் வேண்டாவிடத்து அதைக் கற்ற மருத்துவனும் வேண்டியதில்லை. அதே பெயரை நம்பி உண்மையான பேதியையோ வாந்தியையோ தகுதியற்றவரிடம் பெற்றுக்கொள்பவர் ஆபத்துக்குள்ளாகின்றார்.

சூத்திரத்தானத்தின் பதினைந்தாம் அத்தியாயத்தில் வீடும் பாடகரும் பசுவும் கூறப்பட்டபின் வேறொரு விதியும் வருகின்றது. வறியவனொருவனுக்குச் சுத்தி தேவைப்படும் நோய் வருமாயின், அரிய சாதனங்களைச் சேர்த்துக்கொள்ளாமலே அவன் மருந்தை உண்ணலாம். எல்லாரிடமும் எல்லாம் இருப்பதில்லை என்பதும், கொடிய நோய் ஏழையைத் தேடி வராதிருப்பதில்லை என்பதும் அதற்குக் காட்டப்படும் நியாயங்கள். விடுதிகளின் கையேடுகள் அவ்வத்தியாயத்தின் முற்பகுதியை ஓரளவு நிறைவேற்றியுள்ளன. பிற்பகுதியை நிறைவேற்றியோர் மருந்துப் பெட்டியும் ஏடுமாகக் கிராமங்களில் வாழ்ந்த பரியாரிமாரும், ஆமணக்கெண்ணெய்ப் போத்தலை அடுப்படித் தட்டில் வைத்திருந்த பாட்டிமாருமே ஆவர்.